விர்ட்டஸ் ஜி.டி. காருக்கு எந்த டயர் பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம். கோவையில் நான் ஓட்டும் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. காரின் டயர்கள், பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மான அடையாளத்தை நெருங்கிவிட்டதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நான்கையும் மாற்ற எண்ணியிருக்கிறேன். காருடன் வந்த அளவு 205/55 ஆர்16. அகலமான டயர் பார்வைக்கு எடுப்பாக இருக்கும்தான். அதற்காக மைலேஜை இழக்க மனமில்லை என்பதால் அளவை மாற்றப்போவதில்லை.

1.5 லிட்டர் டர்போ எஞ்சினின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுவதும் முன்சக்கரங்களுக்கே செல்வதால், ஈரச் சாலையில் சற்று அழுத்தி மிதித்தாலே சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஓட்டுபவன் என்ற முறையில், மழையில் பிடிமானமும், வளைவில் பக்கச்சுவர் அதிகம் நெளியாத உறுதியும் எனக்கு முதன்மையானவை; ஓசையைப் பொறுத்துக்கொள்வேன்.

மிஷலின் பிரைமசி 4 எஸ்.டி., கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யு.சி.6 ஆகிய இரண்டும் என் பரிசீலனையில் உள்ளன. முன்னது சொகுசை நோக்கியதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இவற்றை மலைச்சாலையில் ஓட்டியவர்கள், பாதி தேய்ந்த பிறகும் ஈரப் பிடிமானம் நிலைக்கிறதா என்றும், குழியில் இறங்கும்போது பக்கச்சுவர் புடைத்துக்கொள்கிறதா என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். இதே அளவில், குறைந்தது ‘வி’ வேகக் குறியீட்டுடன் (மணிக்கு 240 கி.மீ. வரை தாங்குவது), இவற்றைவிட ‘ஸ்போர்ட்டி’யான டயர் ஏதேனும் கிடைத்தால் அதையும் பரிந்துரையுங்கள். பக்கச்சுவரில் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்து, புதிய இருப்பை மட்டும் தரும் கோவைக் கடைகள் எவை என்பதையும் அறிய விரும்புகிறேன்.