டகோமா பாலத்தை வீழ்த்தியது ஒத்ததிர்வா? பாடக்கையேட்டின் நான்காம் பக்கம் குறித்த விவாதம்

வைகைக்கரை:
அன்றாட உலக நிகழ்வுகளின் வழியே பதினோராம் வகுப்பு இயற்பியலைக் கற்பிப்பதற்கான கையேடு ஒன்றை நண்பர் சுண்ணக்கட்டி நேற்று இங்கே பகிர்ந்தார். அதன் நான்காம் பக்கத்தில், 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இடிந்து விழுந்த டகோமா நேரோஸ் தொங்குபாலத்தின் படத்தைப் போட்டு, "காற்றின் அதிர்வெண் பாலத்தின் இயல் அதிர்வெண்ணுக்குச் சமமானதால் ஒத்ததிர்வு ஏற்பட்டுப் பாலம் விழுந்தது" என்று எழுதியிருக்கிறார். இயல் அதிர்வெண் என்பது ஒரு பொருளை அசைத்துவிட்டால் அது தானாகவே நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது; வெளியிலிருந்து வரும் விசை அதே தாளத்தில் வந்து ஆட்டம் பெருகுவதுதான் ஒத்ததிர்வு. அவர் எழுதிய வரி தவறு. இப்படிப்பட்ட தவற்றை அச்செடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அன்று அடித்தது மணிக்கு ஏறத்தாழ 67 கி.மீ. வேகத்தில் வந்த காற்று. சீராக அடிக்கும் காற்றுக்கு அதிர்வெண் ஏது? பாலத்தின் ஓரத்தில் மாறி மாறிப் பிரியும் காற்றுச் சுழல்களுக்கு வேண்டுமானால் ஓர் அதிர்வெண் உண்டு. பாலத்தின் பக்கச் சட்டம் 2.4 மீட்டர் உயரம். காற்றின் வேகம் நொடிக்கு 19 மீட்டர். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் சுழல்கள் நொடிக்கு ஏறத்தாழ 1 முறை பிரிந்திருக்கும். விழும் முன் பாலத்தின் தளம் இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து முறுக்கியதோ நொடிக்கு 0.2 முறை. 1 எங்கே, 0.2 எங்கே? பில்லா, ஸ்கேன்லன் இருவரும் அமெரிக்க இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் 1991இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள்.

சுண்ணக்கட்டி:
ஐயா, அந்தக் கையேடு நான் கோடை விடுமுறையில் என் சொந்தச் செலவில் உருவாக்கியது. அதில் உள்ள பன்னிரண்டு பாடங்களில் பதினொன்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், ஒரு பக்கத்தின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பொதுவில் குற்றம் சாட்டுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்குக் கிடைப்பது ஒரு பாடவேளை. அதற்குள் திணிப்பு அதிர்வு, தடையுறு அலைவு, ஒத்ததிர்வு மூன்றையும் முடித்தாக வேண்டும். அந்தப் பாலத்தின் காணொளியைக் காட்டியதும் கடைசி இருக்கையில் இருக்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருகிறான். ஓர் அமைப்பு தன் இயல் அதிர்வெண்ணில் பெரும் வீச்சுடன் ஆடுகிறது என்றால் அதை ஒத்ததிர்வு என்று சொல்வதில் என்ன பிழை இருக்கிறது?

நெம்புகோல்:
வைகைக்கரை சொல்வதுதான் சரி. இதே ஆசிரியர் சென்ற ஆண்டு வெளியிட்ட கையேட்டில், விமான இறக்கையின் மேலே செல்லும் காற்றும் கீழே செல்லும் காற்றும் பின்விளிம்பை ஒரே நேரத்தில் அடைய வேண்டும் என்பதால்தான் மேலே உள்ள காற்று விரைந்து செல்கிறது என்று எழுதியிருந்தார். அப்படி ஒரே நேரத்தில் அடைய வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. உண்மையில் மேற்புறக் காற்று முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. நான் சுட்டிக்காட்டினேன். நன்றி என்று மட்டும் எழுதினார். இன்றுவரை அந்தப் பக்கம் மாறவில்லை.

சுண்ணக்கட்டி:
இறக்கையைப் பற்றிய பேச்சு இங்கே எதற்கு? பாலத்தைப் பற்றிப் பேசுவோம்.

தறி:
எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பாலம் எதற்கு? பாம்பன் பாலம் நம் கண்ணெதிரே இருக்கிறது. பழைய பாலம் 1914இல் திறக்கப்பட்டது, 1964 டிசம்பர் புயலில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது, ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அதற்கென்றே காற்றுவேகமானி பொருத்தியிருந்தார்கள். இராமேஸ்வரத்துக்கு ரயிலில் போயிருக்கும் மாணவனுக்கு இதைவிட நெருக்கமான பாடம் உண்டா?

வைகைக்கரை:
நண்பர் தறி, பாம்பன் பாலத்தைத் தகர்த்தது கடல் பொங்கி எழுந்த வெள்ளமும் புயலின் நேரடி விசையும். அங்கே அலைவும் இல்லை, அதிர்வெண்ணும் இல்லை. ஒத்ததிர்வுப் பாடத்தில் பாம்பனைச் சேர்த்தால் இரண்டாவது தவறும் அச்சாகும்.

சுண்ணக்கட்டி அவர்களுக்கு: "இயல் அதிர்வெண்ணில் ஆடினால் அது ஒத்ததிர்வு" என்கிறீர்கள். வீணைத் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டால் அதுவும் இயல் அதிர்வெண்ணில்தான் ஆடுகிறது. அது ஒத்ததிர்வா? வெளியிலிருந்து குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒரு விசை வர வேண்டும், அந்த இடைவெளி அமைப்பின் இயல்பான அலைவுக்காலத்தோடு பொருந்த வேண்டும் என்று உங்கள் கையேட்டின் மூன்றாம் பக்கமே சொல்கிறது. நான்காம் பக்கத்தில் அந்த விசை எங்கிருந்து வந்தது? சுழல்களிலிருந்து என்றால், 1 எங்கே, 0.2 எங்கே?

தறி:
பாம்பனை ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சேர்க்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. காற்று விசையைக் கற்பிக்கச் சொன்னேன். படிக்காமலே பதில் எழுதுகிறீர்கள்.

சுண்ணக்கட்டி:
நானும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், வைகைக்கரை அவர்களே. அந்தப் பாலம் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அந்தக் கோடை முழுவதும் மிதமான காற்றிலும் அது அலைபோல மேலும் கீழும் ஆடியது; கட்டும்போதே இப்படி ஆடியதால் தொழிலாளர்கள் அதற்குத் துள்ளும் கெர்ட்டி என்று பெயரிட்டிருந்தார்கள். அந்தச் செங்குத்து அலைவுகள் சுழல்களால் தூண்டப்பட்டவை என்பதைப் பொறியாளர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். சுழல் பிரியும் அதிர்வெண் பாலத்தின் ஏதோ ஓர் இயல் அதிர்வெண்ணோடு பொருந்தியதால் வந்தவை அவை. ஆகவே அந்தப் பாலத்தில் ஒத்ததிர்வு இருந்தது. நான் எழுதியது அடிப்படையில் சரி. ஒரே ஒரு நாளின் கணக்கை வைத்துக்கொண்டு நான்கு மாத வரலாற்றை நீங்கள் மறைக்கிறீர்கள்.

வைகைக்கரை:
எதையும் மறைக்கவில்லை. நீங்கள் எழுதிய வரி "பாலம் ஆடியது" என்று முடியவில்லை. "பாலம் விழுந்தது" என்று முடிகிறது. நான்கு மாதம் செங்குத்தாக ஆடியபோது பாலம் விழவில்லை. நவம்பர் 7 காலையிலும் அது நிமிடத்துக்கு 36 முறைக்கு மேல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது, அப்போதும் விழவில்லை. பத்து மணியளவில், நடுப்பகுதியில் வடபுற வடத்தைப் பிடித்திருந்த பட்டை நழுவியது. அதற்குப் பிறகுதான் தளம் முறுக்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 12 முறை, அதாவது நொடிக்கு 0.2 முறை. சுமார் ஒரு மணி நேரம் முறுக்கிய பிறகு, பதினொரு மணியளவில் 853 மீட்டர் நடு இடைவெளியின் தளம் நீரில் விழுந்தது. விழ வைத்தது முறுக்கல். முறுக்கலின் அதிர்வெண் 0.2. சுழலின் அதிர்வெண் 1.

முறுக்கலை வளர்த்தது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையேட்டில் இருந்திருக்க வேண்டிய அழகான இயற்பியல் அதுதான். தளம் சற்றே திரும்பினால் காற்று அதன்மேல் செலுத்தும் விசை மாறுகிறது. மாறிய விசை அந்தத் திருப்பத்தை மேலும் வளர்க்கிறது. வெளியே எந்தத் தாளமும் தேவையில்லை; பாலத்தின் அசைவே, சீராக வரும் காற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலை இழுத்துக்கொள்கிறது. தடையுறலால், அதாவது உராய்வு போன்றவற்றால், இழக்கும் ஆற்றலைவிட இப்படிப் பெறும் ஆற்றல் மிகுந்துவிட்டால் வீச்சு வளர்ந்துகொண்டே போகும். விமானப் பொறியாளர்கள் இதை ஃப்ளட்டர் என்பார்கள். விபத்தை ஆராய்ந்து அம்மான், ஃபான் கார்மான், உட்ரஃப் மூவரும் 1941இல் அளித்த அறிக்கையே, மாறி மாறிப் பிரியும் சுழல்களோடு ஒத்ததிர்வு என்பது முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லிவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்து நாம் ஏன் பிழையானதைக் கற்பிக்க வேண்டும்?

மேசைவிசிறி:
இடையில் ஒரு செய்தி. கையேட்டின் செயல்தாளில், காணொளியைப் பார்த்து நிறுத்துக்கடிகாரத்தால் முறுக்கலின் அலைவுக்காலத்தை அளக்கச் சொல்லியிருக்கிறது. புழக்கத்தில் இருக்கும் பல படிகள் வேகமாக ஓடுபவை. நொடிக்கு 16 சட்டகங்களில் எடுத்த படத்தை 24 சட்டகங்களில் ஓட்டினால், உண்மையில் 5 நொடி எடுத்த அலைவு 3.3 நொடியில் முடிந்துவிடும். மாணவர்களுக்கு 0.2 வராது, 0.3 வரும்.

சுண்ணக்கட்டி:
பாருங்கள்! 0.2 என்ற எண்ணையே இப்போது நம்ப முடியவில்லை. இதை வைத்துத்தானே இவ்வளவு நேரம் என்னைக் கேள்வி கேட்டார்?

வைகைக்கரை:
0.2 என்பது காணொளியிலிருந்து வந்த எண் இல்லை. பாலத்தை அன்று நேரில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபார்குவர்சன். நிமிடத்துக்கு 12 என்பது அன்றைய நேரடிப் பதிவு. காணொளி வேகமாக ஓடுகிறது என்பது உங்கள் செயல்தாளின் குறையே தவிர என் வாதத்தின் குறை ஆகாது. பேச்சுக்கு 0.3 என்றே வைத்துக்கொண்டாலும் 1 எங்கே, 0.3 எங்கே?

மேசைவிசிறி:
நான் சுண்ணக்கட்டிக்கு ஆதரவாக எழுதவில்லை. என் செய்தியை யாரும் தமக்கு வேண்டியபடி வளைக்க வேண்டாம்.

நெம்புகோல்:
நான்காம் பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டு லண்டன் மில்லினியம் பாலத்தைப் போடலாம். 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். நடந்தவர்களின் காலடியால் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாட்களில் மூடினார்கள். அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். யாரும் சாகவில்லை. பொறியாளர்கள் ஒரு சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள் என்பதையும் காட்டலாம்.

சுண்ணக்கட்டி:
அதைப் போட்டாலும் வைகைக்கரை விடமாட்டார். அங்கே பாலம் ஆடத் தொடங்கிய பிறகு மக்கள் தம்மை அறியாமல் அதற்கேற்ப அடியெடுத்து வைத்தார்கள், ஆகவே அதுவும் தூய ஒத்ததிர்வு இல்லை என்று அடுத்த பதிவில் எழுதுவார்.

வைகைக்கரை:
ஆம், எழுதுவேன், அது உண்மை என்பதால். ஆனால் அங்கே நடப்பவரின் பக்கவாட்டு அசைவு நொடிக்கு ஏறத்தாழ 1 முறை, பாலத்தின் பக்கவாட்டு இயல் அதிர்வெண்ணும் அதற்கு அருகில். எண்களாவது பொருந்துகின்றன. டகோமாவில் அதுவும் இல்லை.

பாடவேளை போதவில்லை என்பவர்களுக்காக ஒரு செயல்முறை சொல்கிறேன். அட்டையை எச் வடிவில் மடித்து, இரு முனைகளிலும் ரப்பர் வளையங்களால் தொங்கவிட்டு, மேசை மின்விசிறியின் முன் வையுங்கள். காற்றின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒத்ததிர்வு என்றால், பொருந்தும் வேகத்தைத் தாண்டியதும் ஆட்டம் அடங்க வேண்டும். முறுக்கல் அப்படி அடங்காது. ஒரு வேகத்தில் தொடங்கி, கூட்டக் கூட்ட வலுக்கும். அதன் பிறகு அட்டையில் நீளவாக்கில் துளைகள் இட்டுக் காற்றை ஊடே விட்டுப் பாருங்கள். 1950இல் கட்டிய புதிய டகோமா பாலத்தில் தகட்டுச் சட்டங்களுக்குப் பதிலாக, காற்று ஊடுருவும் ஆழமான சட்டகங்களை ஏன் வைத்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும். இதற்கு ஆகும் செலவு ஓர் அட்டை. இத்தனை வளமான பாடத்தை ஒரு தவறான வரியில் சுருக்கிவிட்டதுதான் எனக்கு வலிக்கிறது.

சுண்ணக்கட்டி:
உங்கள் செயல்முறையை உங்கள் பெயரில் ஒரு கையேடாக எழுதி வெளியிடுங்கள், மகிழ்ச்சியோடு பகிர்கிறேன். நாற்பத்தெட்டு மாணவர்கள் உள்ள வகுப்பில், மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து அதைச் செய்து காட்டிவிட்டு வந்து சொல்லுங்கள். தேர்வில் "ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டு தருக" என்று கேட்டால் என் மாணவன் எதை எழுதுவான்? டகோமா பாலத்தை எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. நான்காம் பக்கம் அப்படியே இருக்கும்.

வைகைக்கரை:
மதிப்பெண்ணுக்கு ஊஞ்சலை எழுதட்டும், இசைக்கவையை எழுதட்டும். இரண்டும் சரியான விடைகள். நான் கேட்ட கேள்விக்கு இதுவரை விடை வரவில்லை: 1 எங்கே, 0.2 எங்கே?

தறி:
காற்றுவேகமானியைப் பற்றி நான் எழுதியதற்கும் இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. 58 கி.மீ. வேகக் காற்று ஒரு ரயில் பெட்டியின் பக்கவாட்டில் எவ்வளவு விசை கொடுக்கும் என்பது பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஏற்ற கணக்கு. ஆனால் இங்கே அயல்நாட்டுப் பாலம் என்றால்தான் மதிப்பு.

நெம்புகோல்:
இறக்கைப் பக்கமும் இன்னும் மாறவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

சுண்ணக்கட்டி:
கையேட்டின் ஐந்தாம் பாடத்தைப் பற்றிய விவாதத்தை நாளை தொடங்குகிறேன். மழைநீர் வடிகாலைக் கொண்டு பாய்ம ஓட்டம் கற்பிப்பது. குறை சொல்ல விரும்புகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வரட்டும்.

வைகைக்கரை:
படிப்பேன். முதலில் நான்காம் பக்கத்தில் சுழலின் அதிர்வெண்ணை எழுதுங்கள்.