பெட்டிக்குள் விளக்கு, சுவரெங்கும் கோலம்: கோடு ஏன் மங்குகிறது?

தேக்காவாசி:
தீபாவளிக்குச் சமூக மன்ற அறையில் (6 × 6 மீ., கூரை 2.6 மீ.) நடுவில் 60 செ.மீ. பெட்டி தொங்கவிட்டு, நாலு சுவரிலும் சிக்குக் கோலம் விழவைக்கப் பார்க்கிறோம். 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, லேசரில் வெட்டிய 8 மி.மீ. கோடு. உள்ளே பால்வெள்ளை எல்இடி பல்பு. சுவரில் புகைமாதிரி வெளிச்சம்தான், கோலத்தையே காணோம். வாட் கூட்டினால் சரியாகுமா?

நிழலளவு:
ஆகாது, அதே மங்கல் இன்னும் பளிச்சென்று விழும். விளக்கிலிருந்து பலகை 30 செ.மீ., பலகையிலிருந்து சுவர் 270 செ.மீ.; ஆக விளிம்பின் மங்கல் ஒளிமூலத்தின் அகலத்தைப் போல 9 மடங்கு. பல்பு 60 மி.மீ. என்றால் மங்கல் 54 செ.மீ. உங்கள் கோடோ சுவரில் பத்து மடங்காகியும் 8 செ.மீ.தான்.

12 வோல்ட், 50 வாட் ஹேலஜன் கேப்சூல் (விரல்நுனி அளவு குட்டி பல்பு) போடுங்கள். இழை சுமார் 4 மி.மீ., மங்கல் 4 செ.மீ.க்குள் அடங்கும். திறந்தபடி எரிக்கலாம் என்று உறையில் போட்ட வகையாக வாங்குங்கள். வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் கண்ணாடி போய்விடும். சூடு வெளியேறப் பெட்டியின் மேலும் கீழும் திறந்திருக்கட்டும்.

இடமிருந்தால் பெட்டியைப் பெரிதாக்குங்கள்; விளக்குக்கும் பலகைக்கும் தூரம் கூடினால் மங்கல் குறையும். கலைஞர் அனிலா கய்யூம் ஆகா 2013இல் இதேபோல் நிழல் விழச் செய்த ‘இன்டர்செக்ஷன்ஸ்’ பெட்டிக்குள்ளும் ஒரே விளக்குதான், ஆனால் பெட்டி கிட்டத்தட்ட 2 மீட்டர்.

கம்பிக்கோலம்:
கோட்டை வெட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. சிக்குக் கோலத்தில் கோட்டை வெட்டினால் உள்பக்கம் எல்லாம் கழன்று விழும்; தாங்க விட்ட 5 மி.மீ. பாலம் ஒவ்வொன்றும் சுவரில் 5 செ.மீ. கறுப்புக் கட்டையாகத் தெரியும். மாற்றிச் செய்யுங்கள்: கோடு மரமாக நிற்கட்டும், இடைவெளியை வெட்டுங்கள். கோடு வலைபோல் தானே தாங்கும், வெளிச்சமும் கூடும். புள்ளிகளைத் தெளிவான அக்ரிலிக்கில் ஒட்டிப் பின்னால் வையுங்கள்.

விளக்கு 2 மீ. உயரத்தில் இருக்கட்டும். 1.7 மீ. ஆள் விளக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் தலைநிழல் சுவரில் 1.1 மீ. உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலுள்ள கோலம் தப்பிக்கும். வெளியேறும் வழிப் பலகையை மட்டும் மூடாதீர்கள். அதன் வெளிச்சத்தில் அந்தச் சுவர் கொஞ்சம் வெளிறத்தான் செய்யும்.

தேக்காவாசி:
சூட்டுக்கு மன்றத்தில் சம்மதிக்கமாட்டார்கள். எல்இடியிலேயே வழி உண்டா?

நிழலளவு:
உண்டு. 3.5 மி.மீ. ஒற்றை எல்இடி நான்கை, 20 மி.மீ. அலுமினியக் கட்டையின் நாலு பக்கமும் ஒட்டுங்கள். ஒன்றின் ஒளி பக்கத்துப் பலகையிலும் பட்டு இரட்டைக் கோடு விழும். கட்டையின் மூலைகளிலிருந்து பெட்டியின் மூலைகள்வரை கறுப்பு அட்டைத் தடுப்பு வைத்தால் அது போய்விடும். வெளிச்சத்தைக் குறைக்க மலிவு டிம்மர் வேண்டாம், கைப்பேசிப் படத்தில் பட்டை பட்டையாக வரும்.