'மக்கும்' என்ற ஒரு சொல் போதாது: 'எருவாகும்' என்பதற்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

உணவுப் பொதிகளைப் பொறுத்தவரை, நுண்ணுயிர்களால் சிதைவது, எருக்குவியலில் இடத்தக்கது ஆகிய இரண்டையும் 'மக்கும்' என்றே குறிக்கலாம் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எவ்விடத்தில், எத்தனை நாளில் என்று சொல்லாத 'மக்கும்', வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கிறது.

பாலிலாக்டிக் அமிலம் என்னும் தாவரவழி நெகிழியில் செய்த கோப்பையையே பாருங்கள். தாவர மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் உருவானாலும், ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து நிலவும் எரு ஆலையில்தான் அது சில மாதங்களில் சிதைகிறது. என் வீட்டு எருக்குழியில் நான் இட்ட கோப்பையோ, உடன் இட்ட காய்கறித் தோலெல்லாம் கரிய மண்ணாகிவிட்ட பின்னும் விளிம்புகூட மழுங்காமல் கிடந்தது. காகிதக் கோப்பையின் சிக்கல் வேறு: நீரில் ஊறவிட்டுக் கசக்கினால் தாள் கூழாகிவிடும், உட்புறம் பூசிய பாலித்தீன் படலம் மட்டும் கையில் மிஞ்சும்.

ஆகவே பொதுவான நிகழ்வை 'உயிரிச்சிதைவு' என்றும், எருக்குவியலுக்கு உகந்த பண்பை 'எருவாகும்' என்றும் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. 'எருவாகாத பொதி', 'எருவாகுதிறன்' என்று இச்சொல் தடையின்றிக் கிளைக்கிறது. விளக்கம் இல்லாமலே எவருக்கும் புரிகிறது.

ஒரு மறுப்பு எழலாம். எருவாகும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432, பொருளின் கரிமத்தில் 90 விழுக்காடு 6 மாதங்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்கிறது. அப்படியானால் பெரும்பகுதி காற்றில் கலக்கிறதே, அதை எரு என்பது தகுமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதே தரம், கிடைக்கும் எருவில் விதையிட்டு, முளைப்பும் வளர்ச்சியும் குன்றவில்லை என்று காட்டவும் கோருகிறது. எருவைக் கெடுக்காமல் அதனுள் கரைந்துபோவதே இங்கு அளக்கப்படும் பண்பு என்பதால், பொருள் வழுவவில்லை என்றே கருதுகிறேன். மட்கிய உரத்தைக் குறிக்கும் 'மட்குரம்' சார்ந்த வடிவங்களையும் எண்ணிப் பார்த்தேன். பெயர்ச்சொல்லாக அது நன்று, பெயரடையாக்கும்போது நாவில் இடறுகிறது.

வரையறை எழுதும்போது, 'ஆலையில் எருவாகும்', 'வீட்டில் எருவாகும்' என்று இடம் குறிக்கும் அடையோடு சேர்த்தே இச்சொல்லைப் பதிவு செய்ய வேண்டுகிறேன்.