மாடியில் வேறொரு பள்ளி

லாஸ் ஏஞ்சலஸில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் சார்ட்டர் பள்ளியால் (அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் பள்ளி) நேர்ந்ததைச் சொல்லுங்கள், நல்லதோ கெட்டதோ. என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாள், அவளுடைய அரசுப் பள்ளியின் மாடியில் வேறொரு பெயர்ப்பலகை தொங்கியது. சார்ட்டர் பள்ளிக்கு, அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் இடம் கொடுத்தே ஆக வேண்டும். 2000-இல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் வந்த 39-ஆம் முன்மொழிவு என்ற சட்டம் அப்படி. காலி என்று கணக்கில் எழுதிய அறைகளில் ஒன்று எங்கள் பிள்ளைகளின் கணினி அறை. சாப்பாட்டுக்கூடத்தை நேரம் பிரித்துக்கொண்டதில் மகளுக்கு மதியச் சாப்பாடு 10:50-க்கு. எலுமிச்சை சாதம் பாதி அப்படியே டப்பாவில் திரும்பி வரும்.

கலிஃபோர்னியாவில் பிள்ளைகளின் வருகையை வைத்துத்தான் பள்ளிக்குப் பணம். வகுப்புக்கு இரண்டு பேர் சார்ட்டருக்குப் போனால் அவர்கள் பங்கும் கூடவே போகும். டீச்சர் சம்பளமும் கரன்ட் பில்லும் குறையுமா? நர்ஸ்தான் வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆனது. என் மகளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் அலுவலக மேசை டிராயரில் கிடந்தது.

2019 ஜனவரியில் முப்பதாயிரம் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து, கொட்டும் மழையில் ஆறு பள்ளி நாட்கள் தெருவில் நின்றார்கள். ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாப் பள்ளிக்கும் முழுநேர நர்ஸ் என்று ஒப்பந்தத்தில் படித்தபோது அழுதுவிட்டேன்.

*

அக்கா, நான் அந்த மாடிக்காரன். மகனுக்குக் குலுக்கலில் சார்ட்டரில் இடம் கிடைத்தது, கட்டணமும் இல்லை. பழைய பள்ளியில் ஒரே வருஷத்தில் மூன்று கணக்கு டீச்சர்கள் மாறினார்கள். பின்னம் என்றாலே அழுத பிள்ளை இங்கே தானாகப் போடுகிறான். அழைத்து வந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குப் படிப்பில் தனி உதவி தேவைப்பட்டது. "இந்த இடம் அவனுக்குச் சரிவராது" என்று அவன் அம்மாவிடம் இதமாகப் பேசியே அனுப்பிவிட்டார்கள். நடு வருஷத்தில் அரசுப் பள்ளிதான் அவனைச் சேர்த்துக்கொண்டது.

*

தம்பி, உங்கள் மகன் பள்ளியை மூடச் சொல்லவில்லை. புதிய சார்ட்டருக்கு அனுமதி தரும்போது மாவட்டத்தின் நிதிநிலையையும் பார்க்கலாம் என்று 2019 அக்டோபரில் கவர்னர் நியூசம் கையெழுத்திட்டாரே, அது முன்பே வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்? அவன் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.