புதுப்பிப்பு: அப்பாவின் ஃபீல்டு டெஸ்ட்

அப்பாவுக்குக் கிளாகோமா (கண் நரம்பைப் பாதிக்கிற நோய்), ஃபீல்டு டெஸ்ட் (சுத்திலும் எவ்வளவு தூரம் பார்வை தெரியுதுன்னு பார்க்கிற டெஸ்ட்) ரிப்போர்ட் முக்கால்வாசி கறுப்பா, அதாவது பார்வை குறைஞ்ச இடமா வந்திருக்கு, பயமா இருக்குன்னு போன மாசம் எழுதியிருந்தேனே, அதோட தொடர்ச்சி. நேத்து மறுபடி எடுத்தாங்க. பாதிக் கறுப்பைக் காணோம்! முதல் தடவை மனுஷர் பார்த்துட்டே இருக்க வேண்டிய நடுப்புள்ளியை விட்டுட்டு வெளிச்சத்தைத் தேடித் தேடிப் பார்த்திருக்கார். மேல் இமை வேற தொங்கியிருக்கு. இந்தத் தடவை டேப் போட்டுத் தூக்கி ஒட்டினாங்க. அப்பாவுக்கு எடுத்த 24-2ங்கிற வகை ஃபீல்டு டெஸ்ட்ல 54 இடத்துல வெளிச்சம் மின்னும், ஒவ்வொண்ணும் 0.2 நொடிதான். தெரிஞ்சா பட்டனை அமுக்கணும். நிறைய தெரியாமத்தான் போகும், நல்ல கண்ணுக்கும் அப்படித்தான். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம். ஆனா மூக்குப் பக்கம் கீழே ஒரு திட்டு ரெண்டு ரிப்போர்ட்லயும் அதே இடத்துல நிக்குது. அதுதான் நிஜப் பாதிப்புன்னாங்க டாக்டர். சொட்டு மருந்து தொடருது.