வேட்டை ரைபிளின் உதை: ‘ஃபெல்ட் ரீகாயில்’ தமிழில் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்கான ரைபிள் கையேடு ஒன்று தமிழாகிறது. அதில் ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பது), ஃப்ரீ ரீகாயில், ஃபெல்ட் ரீகாயில் ஆகிய மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வரைவில் இப்போது பின்னடைவு, கட்டற்ற பின்னடைவு, உணரப்படும் பின்னடைவு என்று இருக்கிறது. ரீகாயில் பேட் (கட்டையின் பின்முனையில் வைக்கும் ரப்பர் மெத்தை), மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல்முனையில் பொருத்தும் கருவி) ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். எடுத்துக்காட்டாக வருவது .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டா. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி:

> உணரப்படும் பின்னடைவு

பின்னடைவு வேண்டாம் ஐயா. தேர்தலில் கட்சிக்கு வருவது பின்னடைவு. துப்பாக்கி உதைக்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சொல்லும் அங்கிருந்தே வரட்டும். ரீகாயிலுக்குப் பின்னுதைப்பு என்பதே போதும்.

அடுத்த இரண்டையும் பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். ஒன்று கணக்கில் வருவது, மற்றது தோளில் விழுவது. உதையைக் குறைக்கச் செய்யும் ஒவ்வொரு வேலையும் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல்தான் செயல்படுகிறது. சொல் இரண்டையும் குழப்பினால் படிப்பவர் தனக்குத் தேவையில்லாததை வாங்குவார்.

முதலில் கணக்கு. இந்தத் தோட்டாவின் 11.7 கிராம் குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் உந்தம் சுமார் 9.6 நியூட்டன்-விநாடி. 3.6 கிராம் வெடிமருந்து வளியாகிக் குண்டைவிட வேகமாகக் குழல்வாயை விட்டு வெளியேறுகிறது. அதன் பங்கு ஏறத்தாழ 4.4. மொத்தம் 14. ரைபிளின் எடை ஸ்கோப்போடு 3.6 கிலோ என்றால் அது விநாடிக்கு 3.9 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும், ஆற்றல் 27 ஜூல். யாரும் பிடிக்காமல் கயிற்றில் தொங்கவிட்டுச் சுட்டாலும் இதே அளவுதான். ஆகவே ‘ஃப்ரீ’ இங்கே விடுதலை அல்ல, பிடிப்பில்லாத நிலை. ‘கட்டற்ற’ என்றால் அடங்காத உதை என்று பொருள் போய்விடும். விடுநிலைப் பின்னுதைப்பு என்று வைக்கலாம்.

இந்த எண்ணை மாற்ற வழிகள் சிலவே. ரைபிளை 4.1 கிலோ ஆக்கினால் 24 ஜூலுக்கு இறங்கும். அரைக் கிலோவைக் குழல் பக்கம் மட்டும் சேர்த்தால் முனை கனத்துவிடும், பின்கட்டைக்குள்ளும் பகிர்ந்து வைக்க வேண்டும். கட்டையில் துளையிட்டு ஈயச்சன்னம் நிரப்புவோர் அதை இறுக்கமாக அடைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் நடக்கும்போது கலகலத்து மானை விரட்டிவிடும். இரண்டாவது வழி இலகுவான குண்டு. அதே தோட்டாவில் 8.4 கிராம் குண்டும் சுமார் 3 கிராம் மருந்தும் கொண்ட மெல்லுதைத் தோட்டா என்றால் 16 ஜூல் அளவில் நிற்கும். சிறிய மானுக்கு அது தாராளம், ஆனால் குண்டு விழும் இடம் மாறுவதால் குறியை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். இங்கே கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மெதுவாக எரியும் மருந்தை வீட்டில் இஷ்டத்துக்குக் குறைத்து நிரப்பக் கூடாது. அரைகுறையாக நிரம்பிய தோட்டாவில் அழுத்தம் தாறுமாறாக ஏறி ரைபிளே வெடித்த நிகழ்வுகள் உண்டு. ஆலைத் தோட்டாவையே வாங்க வேண்டும்.

இனி தோள். அந்த 27 ஜூலை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பரப்பில் தோள் வாங்குகிறது என்பதே ஃபெல்ட் ரீகாயில். தோள் அசையாது என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை சுமார் 5,400 நியூட்டன். 15 மில்லிமீட்டர் கிடைத்தால் 1,800. உண்மையில் உடலும் பின்னால் போவதால் இரண்டும் இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனால் விகிதம் விளங்கும். 27 என்ற எண் இரண்டிலும் மாறவே இல்லை.

இதற்கு என் பரிந்துரை தோளுதை. ‘உணரப்படும்’ என்று போட்டால் மனப்பிரமை போலத் தொனிக்கிறது. தோளில் ஏற்படும் கன்றிய காயம் பிரமை அல்ல.

*

மறுமொழி:

தோளுதை நன்றாக இருக்கிறது. ஆனால் கைத்துப்பாக்கிக்கு அது பொருந்தாதே, அங்கே மணிக்கட்டு அல்லவா வாங்குகிறது? பொதுச்சொல் ஒன்றும் வேண்டும். ஏற்புதை எப்படி?

இன்னொன்று. தமிழில் ‘விசை’ ஃபோர்ஸுக்கும் இருக்கிறது, சுடுவதற்கு விரலால் அழுத்தும் ட்ரிகருக்கும் இருக்கிறது. ‘விசையைக் குறைக்க’ என்று கையேட்டில் வந்தால் ஒருவர் ட்ரிகரின் திருகைத் தளர்த்தப் போவார். ட்ரிகருக்கு விசைவில் என்றே எழுதிவிடுங்கள்.

*

மறுமொழி:

விசைவில்லுக்கு முழு ஆதரவு. ஏற்புதை ‘ஏற்புடைய’ என்று கண்ணை ஏமாற்றுகிறது. கையேடு தோளில் வைத்துச் சுடும் ரைபிள் பற்றியது, அதற்குத் தோளுதையே போதும். கைத்துப்பாக்கி நூல் எழுதுபவர் கையுதை என்று எழுதிக்கொள்ளட்டும்.

ரீகாயில் பேடுக்குப் பிடங்குத் திண்டு. தோளில் பதியும் கட்டையின் பின்முனைக்குத் ‘துப்பாக்கிப் பிடங்கு’ வழக்கில் உள்ளதுதான், திண்டு என்றால் சாய்ந்துகொள்ளும் மெத்தென்ற பொருள் என்று குழந்தைக்கும் தெரியும். ‘அதிர்வு உறிஞ்சி அட்டை’ போன்றவை வேண்டாமே.

திண்டு மாற்றும் பகுதியில் ‘லெங்த் ஆஃப் புல்’ வரும். விசைவில்லின் முகத்திலிருந்து பிடங்கின் நடுப்பகுதி வரையான நீளம் அது. கட்டை நீளம் என்றால் முழுக் கட்டையின் நீளம் என்று நினைப்பார்கள், அதனால் பிடிநீளம் என்று வையுங்கள். ஆலையில் பொதுவாக 343 முதல் 350 மில்லிமீட்டருக்குள் வைக்கிறார்கள். பலர் தவறுவது இங்கேதான். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி 25 மில்லிமீட்டர் திண்டைப் பொருத்தினால் பிடிநீளம் 19 மில்லிமீட்டர் கூடிவிடும். அந்த 19-ஐக் கட்டையில் அறுத்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிடங்கு அக்குளில் சிக்கும், சுடுபவர் அவசரத்தில் அதைத் தோள்குழிக்கு வெளியே புயத்தின் மேல் வைத்துச் சுடுவார், திண்டு வாங்கியதற்குப் பலனே இருக்காது. பனிக்காலத் தடித்த மேலங்கியோடு சுடுபவருக்கு இன்னும் 10 மில்லிமீட்டர் குறைவாக இருந்தாலும் நல்லது. உறைபோல் மாட்டும் திண்டிலும் இதே சிக்கல், நீளம் கூடும், துணியிலும் மாட்டும்.

அறுக்கும்போது மரம் சிலும்பாமல் இருக்க வெட்டுக்கோட்டைச் சுற்றி நாடா ஒட்ட வேண்டும். வெட்டின் சாய்வு பழைய பிடங்கின் சாய்வுக்கு இணையாக இருக்க வேண்டும். கீழ்முனை மட்டும் நீண்டுவிட்டால் அது மார்பில் குத்தும். திண்டின் பின்முகத்தில் திருகுக்கான சிறு கீறல்கள் இருக்கும். திருப்புளி முனையில் சோப்புநீரைத் தடவி அதன் வழியே விட்டால் ரப்பர் கிழியாது. விளிம்பைப் பிறகுதான் கட்டையின் வடிவத்துக்குத் தேய்க்க வேண்டும்.

பழைய ரைபிளில் திண்டு இருந்தால் முதலில் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் விழாமல் கல்லாக இருந்தால் அந்த ரப்பர் செத்துவிட்டது, அதை மாற்ற வேண்டும்.

*

மறுமொழி:

மஸில் பிரேக்குக்கு வரைவில் என்ன இருக்கிறது?

*

மறுமொழி:

குழல்வாய்த் தடை என்று இருக்கிறது.

*

மறுமொழி:

அதை மாற்ற வேண்டும் நண்பரே. தடை என்றால் குழல்வாயை அடைத்த பொருள் என்றும் ஆகும். குழலில் சேறும் பனியும் அடைத்திருந்தால் சுடாதே என்று அதே கையேடு எச்சரிக்குமே, அங்கும் தடைதான் வரும். ஒரே சொல் ஆபத்தான பொருளுக்கும் பயனுள்ள பொருளுக்கும் இருக்கக் கூடாது. அது செய்யும் வேலையைப் பாருங்கள். குண்டு வெளியேறிய பின் பீறிடும் வளியைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்புகிறது. எனவே வளிதிருப்பி.

இது தோளில் வேலை செய்வதல்ல. விடுநிலைப் பின்னுதைப்பையே நேரடியாகக் குறைப்பது. மேலே நண்பர் போட்ட கணக்கில் 14-இல் 4.4 வளியின் பங்கு, அதில்தான் இது கை வைக்கிறது. அதனால் மருந்து அதிகமுள்ள தோட்டாக்களில் பலனும் அதிகம். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 4.6 கிராமுக்கு மேல் மருந்து போகும், அதற்கு வளிதிருப்பி நன்றாகவே பலன் தரும். சிறிய தோட்டாவுக்கு அது வீண்செலவு.

விலை காதுக்கு. முன்னே போக வேண்டிய வெடிச்சத்தம் சுடுபவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திரும்பும். ரைபிள் வேட்டே 160 டெசிபல் அளவில் இருக்கிறது, 140-ஐத் தாண்டினாலே ஒரே வேட்டில் நிரந்தரச் செவிச்சேதம் நேரலாம். காதடைப்பானும் மேலே செவிமூடியும் சேர்த்தே அணிய வேண்டும் என்று எழுதுங்கள். படுத்துச் சுட்டால் புழுதி கிளம்பி இலக்கை மறைக்கும். வளிதிருப்பியின் துளை குண்டைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாக, குழலோடு ஒரே அச்சில் இருக்க வேண்டும். கோணினால் குண்டு அதில் உரசிப் பறக்கும். இது துப்பாக்கித் தச்சரிடம் விட வேண்டிய வேலை, பொருத்திய பின் குறியும் மாறியிருக்கும். நார்வே, பின்லாந்து வேட்டைக்காரர்கள் ஒலியடக்கியைப் பொருத்துகிறார்கள். உதையும் சத்தமும் சேர்ந்தே குறைவதால் சட்டம் இடங்கொடுக்கும் ஊரில் அதுவே மேலானது என்பது என் எண்ணம்.

*

மறுமொழி:

வளிதிருப்பி, விடுநிலைப் பின்னுதைப்பு, தோளுதை, பிடங்குத் திண்டு, பிடிநீளம், விசைவில் ஆகியவற்றை வரைவில் ஏற்றிவிட்டேன். ‘ஃப்ளிஞ்ச்’ மீதி. ‘பயம்’ என்று எழுத மனமில்லை.

*

மறுமொழி:

அது பயமல்ல, உடல் உதையை எதிர்பார்த்து முந்திக்கொள்வது. துணிச்சல்காரருக்கும் வரும், தனக்கு வந்திருப்பது அவருக்கே தெரியாது. வெருட்சி என்று வைக்கலாம்.

கண்டறியும் முறையைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள். சுடுதளத்தில், குழல்வாய் இலக்கை நோக்கியபடியே, துணைக்கு இருப்பவர் உண்மைத் தோட்டாக்களோடு வெற்றுப் பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்து, எது எப்போது என்று சொல்லாமல் ஏற்றித் தருவார். வெற்றுத் தோட்டாவில் விசைவில்லை அழுத்தும்போது குழல்முனை சட்டென்று தாழ்ந்தாலோ கண் இறுக மூடிக்கொண்டாலோ அது வெருட்சி. பெரிய தோட்டாவை ஒதுக்கிவிட்டு, உதை மிகக் குறைந்த சிறு தோட்டாவான .22 ரிம்ஃபயரில் சில நாள் சுட்டு, பிறகு மெல்லுதைத் தோட்டாவுக்கு ஏறினால் தணியும். மேசையில் குனிந்து உட்கார்ந்து சுடும்போது உடல் பின்னால் அசைய இடமில்லாததால் தோளுதை கடுமையாக இருக்கும். குறி சரிபார்க்க மட்டும் மேசை, பழகுவதற்கு நின்று சுடட்டும். மேசையில் ரைபிளை எடைமூட்டைகளோடு பூட்டும் தாங்குசட்டம் தோளைக் காக்கும்தான். ஆனால் எடையை அளவுக்கு மீறி ஏற்றினால் ரைபிள் நகர வழியின்றி உதை முழுவதும் கட்டையின் மேல் விழுந்து, பிடியருகே மரம் பிளக்கும்.