‘ஹேப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு பழைய ஆங்கிலப் பாடலை மொழிபெயர்க்க உட்கார்ந்தவன், ‘ஹேப்’ என்ற ஒரே சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முன்பு ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நல்லதோ கெட்டதோ, தானாக வந்து சேர்வது என்று பொருள். இன்று இதைத் தனியாக யாரும் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைகள் நிறைய. ஹேப்பன், பர்ஹேப்ஸ், மிஸ்ஹேப், ஹேப்லெஸ் எல்லாம் இதன் வழி வந்தவைதான். ஏன், நாம் கேக் வெட்டும்போது பாடும் ‘ஹேப்பி’யும்தான்! ஹேப்பி என்றால் முதலில் அதிர்ஷ்டசாலி என்றுதான் அர்த்தம். மகிழ்ச்சி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ‘லக்’ என்ற சொல் இதற்கெல்லாம் பிறகு, 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது.

சரி, என் சிக்கல் இதுதான். பாடலில் ஒருவன் போகிற வழியில் ‘ஹேப்’பால் தன் காதலியைப் பார்த்துவிடுகிறான். ‘அதிர்ஷ்டவசமாக’ என்று எழுதினால் லாட்டரிச் சீட்டு வாசம் அடிக்கிறது. ‘தற்செயலாக’ போட்டால் போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. ‘ஊழ்’ ரொம்பக் கனம். வள்ளுவர் ஆகூழ், போகூழ் என்று நல்லதையும் கெட்டதையும் பிரித்தே வைத்துவிட்டார். எனக்கோ இரண்டும் கலந்த ஒன்று வேண்டும். ‘வாய்த்தது’ என்ற வினையை வைத்துச் சமாளிக்கலாமா என்று பார்க்கிறேன். ஆனால் பாடலில் ‘ஹேப்’ பின்னால் பெயர்ச்சொல்லாகவும் வருகிறது. ‘வாய்ப்பு’ என்று போட்டால் இன்றைய வாசகர் வேலைவாய்ப்பைத்தான் நினைப்பார்.

உங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு ஏதாவது சொல் உண்டா? பாட்டி, தாத்தா சொல்லக் கேட்டதாக இருந்தாலும் எழுதுங்கள்.